86,000 கிலோமீற்றர் ஓடின காரை விட்டு 194,000 ஓடினதை வாங்கின கதை

"ரெண்டு பேர் மட்டும் இருக்கிற காருக்கு இவ்வளவு காசா?" என்று அம்மா கேட்டா. டிக்கிக்குள் ஒரு தேங்காய்ச் சாக்கு வைக்க இடமில்லை. கூரை கான்வஸ். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அவ கேட்டதில் பிழையே இல்லை. ஆனால் பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு பழைய சஞ்சிகையில், தூங்கி எழும்பின தவளை மாதிரி முன்விளக்கு ரெண்டும் மேலே எழும்பி நிற்கிற அந்தச் சின்ன மஸ்டாவைப் பார்த்த நாளில் இருந்து இந்த ஆசை எனக்குள் கிடந்தது. நாற்பது கடந்தும் போகவில்லை.

மஸ்டா அதை 1989இல் வெளியிட்டது. வெளிநாடுகளில் எம்எக்ஸ்-5 என்ற பெயர், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். நான் தேடினது 1.6 லீற்றர் எஞ்சின் உள்ள முதல் தலைமுறை வண்டி. 120 குதிரைவலு என்பது இன்றைக்குப் பெரிய கணக்கில்லை. ஆனால் மொத்த எடை ஆயிரம் கிலோவுக்குக் குறைவு, எஞ்சின் முன்னால், இழுவை பின் சில்லுகளில். வளைவில் ஒருமுறை திருப்பிப் பார்த்தால் மிச்சம் தானாக விளங்கும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு, நாட்டுக்குள் இருக்கிறதுதான் சந்தை என்றாகிவிட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அதற்காக இவ்வளவு பழைய வண்டி கப்பலில் வரப்போவதில்லை. ஆகவே தேடுகிறவனுக்குக் கிடைப்பதெல்லாம் பல கை மாறின, கூட ஓடின வண்டிகள்தான். "குறைய ஓடினது" என்று யாராவது சொன்னால் காது நிமிரும். எனக்கும் நிமிர்ந்தது.

அது வீட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. திருகோணமலை உப்புவெளியில், அலைச்சத்தம் கேட்கிற ஒரு விடுதி வளவுக்குள். சிவப்பு நிறம், புதுசாய்ப் பூசின மினுக்கம். மீற்றரில் 86,000 கிலோமீற்றர். அன்றைக்கே முற்பணம் கொடுக்கிற அவசரம் எனக்கு. நல்ல காலம், எங்கட கராஜ் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கார் வேலைக்கு வர முதல் பதினைந்து வருசம் மீன்பிடிப் படகுகளின் அவுட்போர்ட் எஞ்சின் திருத்தினவர். உப்பு எதைச் செய்யும் என்று அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அவர் பொனட்டைத் திறக்கவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போனார். வாளியில் கிடந்த தண்ணியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இந்தத் தண்ணியிலயோ தம்பி ஒவ்வொரு நாளும் கார் கழுவுறது?" என்று அங்கே நின்ற பொடியனைக் கேட்டார்.

"ஓம் அண்ணை. முதலாளி ஒரு தூசு இருக்க விடமாட்டார்."

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். தண்ணி நல்ல உவர். கடற்காற்று ஒரு பக்கம் உப்பைத் தெளிக்க, மறுபக்கம் பாசத்தோடு ஒவ்வொரு நாளும் உப்புத்தண்ணி வார்த்திருக்கிறார்கள். உப்புப் படிவு காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்தது போலத் தெரியும், தகட்டின் மடிப்புக்குள் காயாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வண்டி உலர்ந்துதானே நிற்கிறது என்று நினைப்போம். வாடை தொடங்கினதும் உள்ளே கிடந்த உப்பெல்லாம் திரும்ப வேலை தொடங்கும்.

பிறகு சாக்கு ஒன்றை விரித்துப் பின் சில்லுக்கு முன்னால் படுத்தார். இந்த வண்டியை வாங்கப் போகிறவர் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அந்த இடத்தைப் பார்க்க வேணும். கதவுக்குக் கீழே முன் சில்லில் இருந்து பின் சில்லு வரை ஓடுகிற பெட்டி போன்ற தகடு, அதை எங்கட ஆட்கள் சில் என்பார்கள். கூரை இல்லாத காருக்கு முதுகெலும்பே அதுதான். கான்வஸ் கூரையில் விழுகிற மழைத்தண்ணி, சீற் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிற ரெண்டு துவாரத்தால் இறங்கி, பின் சில்லுக்குக் கிட்ட வெளியே வடிய வேணும். இலையும் மண்ணும் அந்தக் குழாயை அடைத்தால் தண்ணி வழிதவறி அந்தப் பெட்டித் தகட்டுக்குள் இறங்கி நிற்கும். துரு உள்ளே இருந்து வெளியே வரும். வெளியில் பெயின்ற் குமிழ் போடுகிற நேரம் உள்ளே பாதித் தகடு போயிருக்கும்.

உப்புவெளி வண்டியில் குமிழ் ஒன்றும் இல்லை. அதுதான் அண்ணைக்குப் பிடிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுகிற மெல்லிய காந்தம் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி, முன்பக்கத்தில் இருந்து தடவிக்கொண்டு வந்தார். கதவில் ஒட்டியது. கதவடிப் பெட்டித் தகட்டின் முன்பாதியில் ஒட்டியது. பின் சில்லை நெருங்க நெருங்க, பிடி இல்லாமல் கீழே விழுந்தது. அங்கே தகடு இல்லை, ஓட்டையை மூடிப் பூசின பட்டி. விரல் முட்டியால் தட்டினபோது முன்னால் "டங்" என்றது, பின்னால் "தொப்" என்றது. மற்றப் பக்கமும் அதே கதைதான்.

டிக்கி விரிப்பைத் தூக்கினால் இன்னொன்று. இந்தக் காருக்குப் பற்றரி டிக்கிக்குள்தான். அது விடுகிற வாயு வெளியே போக ரப்பர்க் குழாய் பூட்டுகிற தனி வகைப் பற்றரி போட வேணும். விலை பார்த்துச் சாதாரணப் பற்றரி வைத்தால் அமில ஆவி அந்தத் தட்டைத் தின்னும். தின்றிருந்தது. கீழே சில்லுகளின் கோணம் திருத்துகிற பொல்ட்டுகள் உள்ளே உறைந்துபோய், எந்தச் சாவிக்கும் அசையாத கோலத்தில் இருந்தன. நாலு சில்லிலும் அப்படி இருக்கிற வண்டிக்கு அலைன்மென்ட் செய்யப் போனால் பொல்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேணும்.

86,000 என்ற கணக்கும் எனக்கு ஒட்டவில்லை. பிரேக் மிதியின் ரப்பர் புதுசு, கிளட்ச் ரப்பரோ மொட்டையாய்த் தேய்ந்து கம்பி தெரிந்தது. சாரதி ஏறி இறங்குகிற பக்கச் சீற் ஓரம் நைந்துபோய் இருந்தது. இந்த மொடலில் வேகமானி கியர்பெட்டியில் இருந்து வருகிற கேபிளால் ஓடுவது. கேபிளைக் கழற்றிவிட்டால் மீற்றர் அப்படியே நிற்கும், வண்டி ஓடும். யார் கழற்றினார்கள், எப்போது கழற்றினார்கள் என்று நான் யாரையும் சாட்ட முடியாது. அந்த எண்ணை நம்பிக் காசு கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

வரும் வழியில் அண்ணை ஒன்று சொன்னார்: "எஞ்சினை நான் இறக்கி ஏத்துவன் தம்பி. கியர்பெட்டி மாத்துவன். காரிட போடித் தகடு உக்கினா அதுக்கு நான் என்ன, ஆர் வந்தும் செய்யேலாது. ஓட்டத்தைப் பாக்காத, எங்க நிண்டதெண்டு பார்."

அதற்குப் பிறகு நான் தேடின முறையே மாறியது. கிலோமீற்றரைக் கேட்கிறதை விட்டுவிட்டு, வண்டி எந்த ஊரில், எந்தக் கூரைக்குக் கீழே நிற்கிறது என்று கேட்கத் தொடங்கினேன். நாலு மாதம் போனது. மன்னாரில் ஒன்று, நீர்கொழும்பில் ஒன்று. ரெண்டும் கடலோரம், படம் பார்த்ததோடு விட்டேன். அப்படிக் கழித்தது சரியோ தெரியாது, கடலோரத்திலும் ஒழுங்காகப் பார்த்து வைத்திருக்கிறவர்கள் இருப்பார்கள்தான்.

கடைசியில் கண்டியில், ஹந்தானைப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற பெரியவரிடம் 1992ஆம் ஆண்டு வண்டி ஒன்று. பச்சை. மீற்றரில் 194,000. பெயின்ற் மங்கி, பின் பிளாஸ்டிக் கண்ணாடி புகார் படிந்தது போல் இருந்தது. படத்தைப் பார்த்த என் மனைவி, "இதுக்கு உப்புவெளி வண்டியே பரவாயில்லையே" என்றா.

தொலைபேசியில் பெரியவரிடம் ஒரே ஒரு உதவிதான் கேட்டேன்: "ஐயா, நாங்கள் வந்து சேரும் வரைக்கும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டு, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று போய்ச் சேர்ந்தோம். ஹபரணைக் காட்டில் யானைக்குப் பயந்து மெதுவாய்ப் போனதில் ஒரு மணித்தியாலம் பிந்தியது. பொனட்டில் கை வைத்தேன், குளிர்ந்திருந்தது. சூடான எஞ்சினைக் காட்டுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று எப்போதும் சொல்ல முடியாது. ஆனால் குளிர்ந்த எஞ்சினுக்குத்தான் வாய் இருக்கிறது.

முதலில் ரேடியேற்றர் மூடி. குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறக்க வேணும். உள்ளே பால் தேத்தண்ணி நிறம் இருந்தால் ஒயிலும் தண்ணியும் கலந்திருக்கிறது, அப்படியே விடைபெற்று வரலாம். இங்கே பச்சைக் கூலன்ட் தெளிவாக இருந்தது. ஆனால் ரேடியேற்றரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பு மாறிப் பழுப்பாகி இருந்தது. அப்படி நிறம் மாறினால் வெடிக்கிற நாள் கிட்ட என்று பொருள். விலையில் கழிக்க முதல் காரணம் கிடைத்தது.

ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று எஞ்சினின் தலைப்பகுதியில் இருந்து சத்தம். நான் திடுக்கிட்டேன், அண்ணை சிரித்தார். இந்த எஞ்சினில் வால்வை இயக்குகிற லிஃப்டர்கள் ஒயில் அமுக்கத்தில் வேலை செய்பவை. இரவு முழுக்க நின்றால் ஒயில் வடிந்து கொஞ்ச நேரம் தட்டும். சூடேறி ஒயில் நிரம்பினதும் நிற்க வேணும். ஐந்து நிமிசத்தில் நின்றது. சூடான பிறகும் தட்டுகிறது என்றால், அல்லது சத்தம் கீழே அடியில் இருந்து "டொக் டொக்" என்று வருகிறது என்றால் அது வேறு நோய். டாஷ்போர்டில் ஒயில் அமுக்கம் காட்டுகிற முள்ளையும் பாருங்கள். 1994 வரை வந்த வண்டிகளில் அது உண்மையான அளவுமானி, எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும். அதற்குப் பிந்தினவற்றில் ஒயில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்கிற பொம்மை முள். பொம்மை முள்ளைப் பார்த்து நிம்மதி அடைந்தவர்கள் எத்தனையோ.

ஸ்கேனர் கொண்டு போக நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல்: அந்தக் காலத்தில் செய்த இந்த வண்டியில் இன்றைய ஸ்கேனரைக் குத்த இடமே இல்லை. நாங்கள் கொண்டு போனது ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளக்கிற கம்பிரசன் மானி. எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேற்றரை முழுக்க மிதித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தோம். 178, 174, 180, 175. இதில் எண் பெரிதா சின்னதா என்பதை விட நாலும் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கிறதா என்பதே முக்கியம். மூன்று 180இல் நிற்க ஒன்று 130 காட்டினால் அந்தச் சிலிண்டரில் வால்வோ பிஸ்டன் ரிங்கோ போயிருக்கிறது. கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் ஓடின எஞ்சின் இப்படிக் காட்டினது அண்ணைக்கே ஆச்சரியம்.

காரணம் பெரியவரின் அலுமாரிக்குள் இருந்தது. நீலமட்டைக் கொப்பி ஒன்று. ஒயில் மாற்றின திகதி, ஓடின கிலோமீற்றர், கொடுத்த காசு, எல்லாம் ஒரே கையெழுத்தில். வால்வுகளை நேரம் பிசகாமல் இயக்க வைக்கிற ரைமிங் பெல்ட் ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. இவர் 98,000இலும் 187,000இலும் மாற்றியிருந்தார். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வில் மோதாது, வண்டி நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான். வேறு பல ஸ்போர்ட்ஸ் கார்களில் அறுந்தால் எஞ்சினே முடிந்துவிடும், ஆகவே வாங்குகிற மொடல் எந்த வகை என்று முதலே கேட்டு வைக்க வேணும். பற்றுச்சீட்டு இல்லாமல் "பெல்ட் இப்பதான் மாத்தினது" என்று சொன்னால், மாற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள்.

இன்னொன்று, இந்த மொடலுக்கே உரியது. 1991 நடுப்பகுதிக்கு முந்தின 1.6 எஞ்சின்களில் கிராங்க் தண்டின் முன்மூக்குக் கட்டையானது. பெல்ட் மாற்றும்போது முன்பொல்ட்டைச் சரியாக இறுக்காவிட்டால் அதில் உள்ள சாவித்தடம் தேய்ந்து, பிறகு தண்டையே மாற்ற வேண்டி வரும். பெல்ட் ஓடுகிற முன் கப்பியில் நாலு வெட்டு இருந்தால் பழைய கட்டை மூக்கு, எட்டு இருந்தால் பிந்தினது. குனிந்து எண்ணினேன், எட்டு.

எஞ்சினுக்குப் பின்பக்கம், கியர்பெட்டி சேருகிற இடம் ஒயிலில் நனைந்திருந்தது. கிராங்க் சீல் போய்விட்டது, கியர்பெட்டி இறக்க வேணும் என்று சிலர் பயப்படுத்துவார்கள். அண்ணை விரலை எஞ்சின் தலைப்பகுதியின் பின்னால் விட்டுத் தடவினார். அங்கே பூட்டியிருக்கிற கேம் சென்சரின் ரப்பர் வளையம் இறுகிப்போய் ஒயில் கசிகிறது. தேத்தண்ணி, வடைக் காசுக்கு வருகிற வளையம். மேலே இருந்து வடிகிறதா, கீழே இருந்து வருகிறதா என்று துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு ஓட்டம். ஹந்தானை ஏற்றம் இதற்கென்றே போட்டது போல. ஏறும்போது ரெண்டாம் கியரில் முழுக்க மிதித்தேன், கண்ணாடியில் அண்ணை புகையைப் பார்த்தார். இல்லை. இறங்கும்போது அதே ரெண்டாம் கியரில் மிதியை விட்டு எஞ்சின் பிடியில் வந்து, அடியில் சட்டென்று மிதித்தேன். ஒரு சின்ன நீலப் புகை, கொத்தமல்லிக் கட்டு அளவு. ஏறும்போது நீலம் என்றால் ரிங், இறங்கி மிதிக்கும்போது நீலம் என்றால் வால்வு சீல். வால்வு சீல் என்றால் ஒயில் பார்த்து ஊற்றிக்கொண்டு சில வருசம் ஓடலாம். மூன்றில் இருந்து ரெண்டுக்கு இறக்கும்போது கியர் கொஞ்சம் முனகியது, சூடேறினதும் நின்றது. கைப்பிரேக் ஏற்றத்தில் பிடிக்கவே இல்லை. பின் பிரேக் கலிப்பர் இறுகியிருக்கிறது, இந்த மொடலில் வழக்கமான வருத்தம். எல்லாவற்றையும் எழுதி விலையில் கழித்தோம்.

கதவடிச் சில் தகடு? காந்தம் நுனி வரை ஒட்டியது. தட்டினால் "டங்". பெரியவரின் கராஜுக்கு நாலு சுவரும் ஓட்டுக்கூரையும் இருந்தன.

கடதாசி விசயத்தில் கண்டிப்பாய் இருங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் விற்கிறவரின் அடையாள அட்டையும் ஒன்றா? ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்கினவரின் பெயருக்குப் பதியாமல் கையெழுத்து வைத்த கடதாசியோடு மட்டும், கை மாறி வருகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் நிறைய. கடைசியாகப் பதிந்தவரைத் தேடிப்பிடிக்க நீங்கள்தான் அலைய வேணும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அதை விடுவித்த கடிதம் கைக்கு வரும் வரை காசு கொடுக்கக் கூடாது. செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் நீங்களே டோர்ச் அடித்து வாசித்து ஒப்பிடுங்கள். இந்த வண்டிகளில் எஞ்சின் மாற்றியிருப்பார்கள், நிறமும் மாற்றியிருப்பார்கள். ரெண்டும் சான்றிதழில் ஏறியிருக்க வேணும்.

இவ்வளவு பார்த்தும் ஒன்றைத் தவறவிட்டேன். பொனட்டுக்குக் கீழே முன்பக்க அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டு. யாரோ ஒயில் மாற்றக் கழற்றினவர்கள் திரும்பப் பூட்டவில்லை. கண்டியின் வளைவுகளில் வேகம் குறைவு, காற்றாடியே சமாளித்தது. ஹபரணை தாண்டி நேர்ப்பாதையில் தொண்ணூறில் வரும்போது வெப்பமுள் நடுக்கோட்டைத் தாண்டத் தொடங்கியது. மெதுவாய்ப் போனால் இறங்குகிறது, வேகமாய்ப் போனால் ஏறுகிறது! தண்ணிப் பம்ப் போய்விட்டது என்று நினைத்துக் கந்தளாயில் குளக்கட்டோரம் நிறுத்தி அண்ணையைக் கூப்பிட்டேன். பின்னால் வான் வண்டியில் வந்தவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் தட்டு இல்லாவிட்டால் முன்னால் நுழைகிற காற்று ரேடியேற்றருக்குள் போகாமல் அடியால் நழுவிவிடும். ரெண்டு பேரும் நிலத்தில் படுத்துக் கதவடித் தகட்டைத் தட்டினோமே தவிர, இருக்க வேண்டியது இல்லை என்பதைக் காணவில்லை. பிறகு அலுமினியத் தகட்டில் வெட்டிப் பூட்டினோம். இப்போது முள் அசைவதில்லை.

டயரும் என் பிழை. நிலத்தைப் பிடிக்கிற பட்டன் வெட்டுகள் ஆழமாக இருந்ததைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தை வீட்டில் வந்துதான் வாசித்தேன்: 2213. அதாவது 2013ஆம் ஆண்டின் 22ஆம் கிழமை செய்தது. ஓடாமலே வயதுபோன டயர் மழையில் சோப்பு மாதிரி. 185/60, 14 அங்குலம், நாலையும் மாற்றினேன். ரேடியேற்றர், டயர், பின் பிரேக், அந்த ரப்பர் வளையம் என்று முதல் மூன்று மாதத்தில் போனது, வாங்கின விலையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அந்தக் காசை முதலே ஒதுக்கி வைத்திருந்ததால் வீட்டில் சண்டை வரவில்லை. வாங்குகிற விலையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

பத்திரகாளி அம்பாள் கோயிலடியில் எலுமிச்சம்பழம் நசித்த அன்றைக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போனேன். கோட்டைக்குள் மான்கள் வழிவிட மறுத்து நின்றன. கூரையைத் திறந்து வைத்திருந்ததால் ஒரு மான் மூக்கை உள்ளே நீட்டியது. "இதுக்குத்தானோ காசு?" என்றா அம்மா, ஆனால் இறங்கவில்லை.

வண்டி இப்போது உட்துறைமுகப் பக்கம் வீட்டில், தகரக் கொட்டிலுக்குள் நிற்கிறது. குழாய்த் தண்ணியில் மட்டும் கழுவுகிறேன், அடிப்பக்கத்துக்கும் சேர்த்து. ஐப்பசி பிறந்ததும் சீற்றைத் தள்ளி, புல்லு வெட்டுகிற மெஷினின் நைலோன் நூலை அந்தக் கூரைத் துவாரங்களுக்குள் விட்டுக் குடைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கப் தண்ணி ஊற்றுவேன். மகள் பின் சில்லடியில் குந்தியிருந்து, "வந்திட்டு அப்பா" என்று சொல்ல வேணும். இந்த முறை இடப்பக்கம் உடனே வந்தது. வலப்பக்கம் நான் பத்து வரை எண்ணின பிறகுதான் ஒழுகியது, அதுவும் கறுப்பாக. நாளைக்குத் திரும்பவும் நூல் விட வேணும்.